கணிப்பொறியின் நினைவகக் கசிவு

கசிவு என்னும் சொல் கடற்கரை மக்களுக்குப் புதியதன்று. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற மரத்தோணிகளை நினைத்துப் பாருங்கள். அவற்றின் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியம் பூசி, நீர் புகாதவாறு அடைப்பார்கள். அந்த வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். கலப்பத்து செவ்வையாக அமையாத தோணியில் நீர் சிறுகச் சிறுக ஏறும். முதல் நாழிகையில் அது கண்ணுக்குத் தெரியாது. இரண்டாம் நாழிகையில் பாதம் நனையும். இரவு முழுதும் இறைக்காமல் விட்டால், விடியும்போது தோணியே இருக்காது.

இன்று நாம் காணப்போவது கணிப்பொறியில் ஏற்படும் ஒரு கசிவு. அதனை நினைவகக் கசிவு என்பர். இங்கே நீர் இல்லை, ஓட்டையும் இல்லை. ஆயினும் தோணிக்கு நேர்வதே கணிப்பொறிக்கும் நேர்கிறது. காலையில் சுறுசுறுப்பாக இயங்கிய கணிப்பொறி, நண்பகலில் தளர்ந்து, மாலையில் அசையாமல் நின்றுவிடுகிறது. அதனை அணைத்து மீண்டும் இயக்கினால் பழைய சுறுசுறுப்பு திரும்பிவிடுகிறது. பலரும் இதனை இயந்திரத்தின் களைப்பு என்று எண்ணிக்கொள்வர். இயந்திரத்துக்குக் களைப்பு ஏது? இந்தத் தளர்ச்சிக்குக் காரணம் உண்டு; அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க முறையான வழியும் உண்டு. அந்த வழியை அறிந்துகொள்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் நினைவகம் என்பது யாது என்று பார்ப்போம். கணிப்பொறியில் இருவகை இருப்பிடங்கள் உள்ளன. ஒன்று, மின்சாரம் போனாலும் அழியாத வட்டு. அது வீட்டின் பரணைப் போன்றது. மற்றொன்று, வேலை நடக்கும்போது மட்டும் பொருள்களை விரித்து வைத்துக்கொள்ளும் நினைவகம். அது மேசையைப் போன்றது. பரண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், மேசையில் இடமில்லாவிட்டால் எழுத முடியாது.

இந்த மேசையைப் பகிர்ந்து கொடுக்கும் அதிகாரி ஒருவர் உண்டு. அவரே இயங்குதளத்தின் கருவாகிய கெர்னல். பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட லினக்ஸ் அத்தகைய ஒரு கெர்னல் ஆகும். இயங்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலும், அதாவது ஒவ்வொரு ‘புராசஸ்’ என்பதும், தனக்கு வேண்டிய இடத்தைக் கேட்டு வாங்குகிறது. வேலை முடிந்ததும் திருப்பித் தருகிறது. ஒரு படத்தைத் திறந்தால் அதற்கு இடம் வாங்கப்படுகிறது; மூடினால் அந்த இடம் விடப்படவேண்டும். வாங்கிய நிரல் அதனைத் திருப்பித் தர மறந்துவிட்டால்? அந்த இடம் யாருக்கும் பயன்படாமல், எழுதி முடித்த தாள்போல மேசையிலேயே கிடக்கும். இதுதான் நினைவகக் கசிவு. எதுவும் வெளியே ஒழுகிவிடவில்லை. வாங்கிய கடன் திரும்பவில்லை, அவ்வளவே.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஒரு நிரல் முடிந்துவிட்டால் அதன் கடன் என்னாகும்? அது முடிந்த கணத்தில் கெர்னல், அதற்குக் கொடுத்த இடம் முழுவதையும் தானே மீட்டுக்கொள்கிறது. எனவே, சில வினாடிகள் ஓடி முடியும் நிரலில் கசிவு இருந்தாலும் பெருங்கேடு இல்லை. காலை முதல் இரவு வரை ஓயாது இயங்கும் நிரலில்தான் கசிவு நோயாகிறது. கணிப்பொறியில் நாம் நுழைந்தது முதல் வெளியேறுவது வரை இயங்கும் நிரல் எது? சாளரங்களையும் பட்டியல்களையும் சின்னங்களையும் நமக்கு வரைந்து காட்டும் திரைமேசை நிரலே அது. டெஸ்க்டாப் என்று வழக்கில் சொல்கிறோமே, அதனை நடத்துவது அந்நிரல்தான். ஆகவே அதில் ஏற்படும் கசிவு, நாள் முழுதும் வளர வாய்ப்புடையது.

இந்தக் கடன் எப்படி மறக்கப்படுகிறது என்பதை, நம் கடற்கரையின் பழந்தொழில் ஒன்றைக்கொண்டு விளக்கலாம். தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அத்தொழிலின் முறை பலருக்கும் நினைவிருக்கும். குளிப்பவர் கல்லின் பாரத்தால் கடலடிக்கு இறங்குவார். அவருடைய சிப்பிக்கூடை ஒரு கயிற்றில் கட்டப்பட்டிருக்கும். அந்தக் கயிற்றின் மறுமுனை படகில் நிற்பவர் கையில் இருக்கும். கூடை நிறைந்ததும் கயிறு அசையும், படகிலுள்ளவர் இழுத்துக்கொள்வார். கடலின் அடியிலிருக்கும் கூடைக்கும் மேலே இருக்கும் மனிதருக்கும் உள்ள ஒரே உறவு அந்தக் கயிறுதான்.

நிரலும் அப்படியே. அது வாங்கிய ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முகவரியை வைத்துக்கொள்கிறது. அந்த முகவரியே கயிறு. இப்போது இருவகைத் தவறுகள் நேரலாம். முதல் வகையில், கூடை கடலடியில் இருக்கும்போதே கயிறு கை நழுவிவிடுகிறது. இனி அந்தக் கூடையை எடுக்கவும் இயலாது. அது இருப்பதே நிரலுக்குத் தெரியாது. இரண்டாம் வகையில், கயிறு கையில் இருக்கிறது. ஆனால் அதனை இழுக்கவேண்டும் என்ற நினைவு இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் கயிறுகள் படகின் விளிம்பில் கட்டப்பட்டுக்கொண்டே போகின்றன. முதலாவது, இழந்த நினைவகம். இரண்டாவது, மறந்த நினைவகம். பயனிழப்பு இரண்டிலும் ஒன்றே. ஆனால் கண்டுபிடிக்கும் வழி வெவ்வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்கு உதவும்.

இதெல்லாம் நிரலாளர்களின் சிறு கவலை என்று எண்ணிவிட வேண்டா. 1992ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் நோயாளர் வண்டிகளை அனுப்புவதற்குப் புதிய கணிப்பொறி முறை ஒன்று புகுத்தப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள், நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்குச் சற்றுப் பின்னர், அந்த முறை மெல்லத் தளர்ந்து முற்றிலும் நின்றது. பணியாளர்கள் மீண்டும் தாளையும் தொலைபேசியையும் கொண்டு வண்டிகளை அனுப்ப வேண்டியதாயிற்று. பின்னர் நடந்த விசாரணையில் காரணம் வெளிப்பட்டது. ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன்னர் ஒரு நிரலாளர் செய்த வேலையின் எச்சமாகச் சிறிது நிரல் உள்ளே தங்கிவிட்டது. ஒவ்வொரு முறை வண்டி அனுப்பப்படும்போதும் அது சிறிதளவு நினைவகத்தை எடுத்துக்கொண்டு, திருப்பித் தராமல் விட்டது. ஒரு முறை எடுத்தது மிகச் சிறிது. ஆனால் ஒரு மாநகரத்தின் அழைப்புகள் எத்தனை! மூன்று வாரத்தில் மேசை நிரம்பிவிட்டது. சிறு தவறும் திரும்பத் திரும்ப நிகழும்போது பெருந்தவறாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் இயங்கும் சி-டாக் நிறுவனம், டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக்கொண்டு, பாஸ் என்ற இந்திய இயங்குதளத்தை 2007ஆம் ஆண்டில் வெளியிட்டது. தமிழ் முதலிய இந்திய மொழிகளில் இயங்குமாறு அது அமைக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிக்கணிப்பொறிகளிலும் பாஸ் இடம்பெற்றது. கணிப்பொறியையே கண்டறியாத பல வீடுகளுக்கு, லினக்ஸ் இவ்வாறு முதன்முதலாக நுழைந்தது.

தூத்துக்குடிக்கு வடக்கே, மன்னார் வளைகுடாவை நோக்கி அமைந்த தருவைகுளத்தில், மீனவர் வீட்டு மாணவி ஒருத்தி பழைய மடிக்கணிப்பொறி ஒன்றில் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதில் இருப்பது 2 ஜிகாபைட் நினைவகம், அதாவது 2048 மெகாபைட். திரைமேசையும் உலாவியும் பிறவும் சேர்ந்து 1150 மெகாபைட் எடுத்துக்கொள்கின்றன. எஞ்சியது ஏறத்தாழ 900. ஒவ்வொரு முறை பட்டியலைத் திறந்து மூடும்போதும் 3 மெகாபைட் திரும்பாமல் நின்றுவிட்டால், முந்நூறு முறையில் எஞ்சியது முழுவதும் தீர்ந்துவிடும். 32 ஜிகாபைட் நினைவகமுள்ள கணிப்பொறி வைத்திருப்பவருக்கு இந்தக் கசிவு வாரக்கணக்கில் தெரியாமலும் போகலாம். வசதி குறைந்தவரே கசிவை முதலில் அறிகிறார். அதனால் துன்புறுகிறவரும் அவரே. ஆகவே, பழைய கணிப்பொறி வைத்திருப்பவர் அதனைக் கண்டறியும் முறையைக் கற்றுக்கொள்வது அவருக்கு மட்டுமன்றி எல்லார்க்கும் நன்மை பயக்கும்.

நினைவகம் தீர்ந்தால் என்ன நடக்கும்? முதலில் கெர்னல், உடனே வேண்டாத பகுதிகளை வட்டுக்கு இடமாற்றுகிறது. மேசையில் இடமின்றிப் பொருள்களைப் பரணில் ஏற்றி இறக்குவது போன்ற வேலை இது. வட்டு நினைவகத்தைவிட மிக மெதுவானது. ஆதலால் கணிப்பொறி திணறுகிறது. அதற்கும் வழியில்லாதபோது, கெர்னல் ஏதேனும் ஒரு நிரலைப் பலியிட்டு மற்றவற்றைக் காப்பாற்றுகிறது. பெரும்பாலும் மிகுதியான இடத்தைப் பிடித்திருக்கும் நிரலே அதற்குப் பலியாகும். கவனியுங்கள்: பலியாவது குற்றவாளிதான் என்னும் உறுதி இல்லை. கசிந்தது ஒரு நிரலாகவும், மாண்டது நீங்கள் இன்னும் சேமிக்காத கட்டுரையை வைத்திருந்த மற்றொரு நிரலாகவும் இருக்கலாம்.

ஆகவே, குற்றவாளியை எவ்வாறு அறிவது? இங்கேதான் முறை வேண்டும்.

முதற்படி, உண்மையிலேயே பஞ்சம் உண்டா என்று பார்ப்பது. லினக்ஸில் ‘ஃப்ரீ’ என்றொரு கட்டளை உண்டு. அது மொத்தம், பயன்பட்டது, வெற்றிடம், கிடைக்கக்கூடியது எனப் பல எண்களைக் காட்டும். புதியவர்கள் வெற்றிடம் என்ற எண் சிறியதாக இருப்பதைக் கண்டு அஞ்சிவிடுகிறார்கள். அந்த அச்சம் வேண்டியதில்லை. லினக்ஸ், சும்மா கிடக்கும் நினைவகத்தில் வட்டிலிருந்து படித்தவற்றின் படிகளைச் சேர்த்து வைக்கிறது. மீண்டும் கேட்டால் விரைவாகக் கொடுப்பதற்காக. வேறு நிரலுக்கு இடம் வேண்டுமானால் அவற்றை உடனே அகற்றிவிடும். இது கசிவன்று, சிக்கனம். எனவே நாம் பார்க்கவேண்டியது ‘கிடைக்கக்கூடியது’ என்ற எண்ணையே. அது நாழிகைதோறும் குறைந்துகொண்டே போனால்தான் கவலைக்கு இடம் உண்டு.

இரண்டாம்படி, இடத்தைப் பிடித்திருப்பது யார் என்று அறிவது. ‘டாப்’ என்னும் கட்டளை இயங்கும் நிரல்களை வரிசைப்படுத்திக் காட்டும். அதில் ஒவ்வொரு நிரலுக்கும் எதிரே சில எண்கள் இருக்கும். ஒன்று, அந்நிரல் தனக்கென்று குறித்துவைத்துள்ள முகவரிகளின் மொத்த அளவு. இது வெறும் தாளில் உள்ள நிலம். பட்டா உண்டு, குடியேற்றம் இல்லை. இந்த எண் எவ்வளவு பெரிதாயினும் அதனால் மட்டும் கேடில்லை. மற்றொன்று, அந்நிரல் உண்மையில் குடியிருக்கும் நினைவகத்தின் அளவு. நமக்கு வேண்டியது இது. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நூலகப்பகுதிகள் ஒவ்வொன்றின் கணக்கிலும் முழுமையாக எழுதப்படும். ஒரே கிணற்றில் நீர் இறைக்கும் ஐந்து வீட்டாரும் தத்தமக்கு ஒரு கிணறு உண்டு என்று சொல்வதைப் போன்றது இது. அந்த எண்களைக் கூட்டினால் ஐந்து கிணறாகிவிடும். எனவே அவற்றைக் கூட்டி மொத்தம் காண முயலலாகாது.

மூன்றாம்படியே உயிர்நிலையானது. ஒரு நிரல் பெரிதாக இருப்பது குற்றமன்று. வளர்ந்துகொண்டே போவதுதான் குற்றம். பெரிய தோணியில் நிறைய நீர் குடங்கள் இருக்கலாம். அதனால் தோணி ஓட்டை என்று ஆகிவிடுமா? ஆகவே ஒருமுறை அளப்பதால் பயனில்லை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து, இடைவிடாமல் அளந்து குறிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, பட்டியலைப் பத்துமுறை திறந்து மூடி நிரலின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மீண்டும் பத்துமுறை, மீண்டும் பத்துமுறை. தொடக்கத்தில் 210 மெகாபைட் இருந்தது, முதல் பத்தில் 250 ஆயிற்று, இரண்டாம் பத்தில் 253, மூன்றாம் பத்திலும் 253 என்றால், அந்நிரலில் கசிவு இருப்பதாகச் சொல்ல இயலாது. முதல்முறை வேண்டிய படங்களையும் எழுத்துருக்களையும் ஏற்றிக்கொண்டது. அவற்றையே பின்னும் பயன்படுத்துகிறது. ஆனால் 210, 250, 290, 330 என்று படிக்கட்டுப்போல ஏறிக்கொண்டே போனால், ஒரு முறைக்கு 4 மெகாபைட் வீதம் எங்கோ நிற்கிறது என்பது தெளிவு. முதல் பத்தின் ஏற்றத்தை மட்டும் கண்டு தீர்ப்பு எழுதுவோர், நிரபராதியைத் தண்டிக்கிறார்கள்.

மேலும் ஒன்று. திருப்பித் தந்த இடம் அனைத்தும் உடனே கெர்னலுக்குப் போய்விடுவதில்லை. நிரலுக்கும் கெர்னலுக்கும் இடையே ஒரு பண்டகசாலை உண்டு. நிரல் விட்ட இடத்தை, அது மீண்டும் கேட்கக்கூடும் என்று கருதி, பண்டகசாலை தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். எனவே வேலை முடிந்தபின் எண் குறையவில்லை என்பதே கசிவுக்குச் சான்றாகாது. அதே வேலையை மறுபடி செய்யும்போது எண் மேலும் ஏறுகிறதா என்பதே சான்று.

நான்காம்படி, இடத்தைக் குறுக்குவது. திரைமேசை நிரலோடு பலவகைத் துணைநிரல்களை நாம் சேர்த்துக்கொள்கிறோம். தட்பவெப்பம் காட்டுவது ஒன்று, நாள்காட்டி ஒன்று, அழகுக்காக ஒன்று. இவை பெரும்பாலும் திரைமேசை நிரலுக்குள்ளேயே இயங்குவதால், இவற்றின் குற்றமும் அதன் தலையிலேயே விழும். ஆகவே துணைநிரல்கள் யாவற்றையும் நிறுத்திவிட்டு, முன்போலவே அளந்து பார்க்க வேண்டும். படிக்கட்டு மறைந்துவிட்டால் குற்றவாளி அவற்றுள் ஒன்று. இனிப் பாதியைச் சேர்த்து அளக்கவும். பிறகு அதில் பாதியை. பதினாறு துணைநிரல்கள் இருந்தாலும், குற்றவாளி ஒன்றே ஆயின், நான்கு சோதனையில் அது அகப்பட்டுவிடும். ஒரே சமயத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்யாதீர்கள். பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் கற்ற விதிதான் இது.

ஐந்தாம்படி, நிரலின் உள்ளே புகுந்து பார்ப்பது. இதற்கு நிரலாளரின் கருவி வேண்டும். 2002ஆம் ஆண்டில் ஜூலியன் சீவர்ட் வெளியிட்ட வால்கிரைண்டு இவற்றுள் புகழ்பெற்றது. இது நிரலைத் தன் கண்காணிப்பில் ஓடவிட்டு, வாங்கிய ஒவ்வோர் இடத்தையும், வாங்கிய வரியையும் பேரேட்டில் எழுதிக்கொள்கிறது. நிரல் முடியும்போது பேரேட்டைப் புரட்டி, எந்த வரியில் வாங்கிய எத்தனை பைட்டுகள் திரும்பவில்லை என்று சொல்கிறது. நாம் முன்பு கண்ட வேறுபாட்டையும் அது தனித்தனியே காட்டும்: கயிறு நழுவிய கூடைகள் உறுதியாக இழந்தவை, கயிறு கையிலேயே உள்ளவை இன்னும் எட்டக்கூடியவை. ஆனால் இத்துணைக் கண்காணிப்புக்கு விலை உண்டு. நிரல் வழக்கத்தைவிட இருபது முப்பது மடங்கு மெதுவாக ஓடும். ஆகவே முதல் நான்கு படிகளில் குற்றம் நிகழும் இடத்தைச் சுருக்கிக்கொண்ட பிறகே இக்கருவியை எடுப்பது அறிவுடைமை.

இம்முறைகளால் தீர்க்கப்பட்ட உண்மை வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். லினக்ஸ் உலகில் பெரிதும் வழங்கும் திரைமேசைகளுள் ஒன்று க்னோம். அதனை நடத்தும் க்னோம் ஷெல் என்னும் நிரல், நேரம் செல்லச்செல்ல நினைவகத்தை விழுங்குகிறது என்ற முறையீடு நெடுநாள் இருந்துவந்தது. 2018ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு நிரலாளர் ஜார்ஜஸ் ஸ்தவ்ராகாஸ் அதனை ஆராய முனைந்தார். சாளரங்களின் தோற்றத்தைத் திறந்து மூடுவது போன்ற எளிய செயல்களே நினைவகத்தை ஏற்றுகின்றன என்பது தெரிந்தது.

க்னோம் ஷெல் இரண்டு மொழிகளால் ஆனது. அடிப்பகுதி சி என்னும் மொழியில் உள்ளது. மேற்பகுதி ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழியில் உள்ளது. சி மொழியின் பக்கத்தில், ஒரு பொருளை எத்தனைபேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி வைப்பார்கள். எண்ணிக்கை சுழியானால் பொருள் விடுவிக்கப்படும். ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்திலோ, குப்பை சேகரிப்பான் என்றொரு பணியாள் உண்டு. அவன் அவ்வப்போது சுற்றிவந்து, யாரும் பிடித்திராத பொருள்களை அகற்றுவான். ஒரே பொருளுக்கு இருபக்கத்திலும் கணக்கு இருப்பதே சிக்கலின் தொடக்கம்.

ஒரு சாளரத்தின் உள்ளே பெட்டி. பெட்டியின் உள்ளே படம் என்று கொள்வோம். சாளரம் மூடப்பட்டது. சேகரிப்பான் சுற்றிவந்து சாளரத்தை அகற்றுகிறான். அவன் பார்த்த நேரத்தில் பெட்டியைச் சாளரம் பிடித்திருந்தது. ஆகவே பெட்டியை விட்டுவிட்டான். சாளரம் போனபின் பெட்டி அனாதை. ஆனால் அதனை அகற்ற அடுத்த சுற்று வரவேண்டும். படத்துக்கு அதற்கும் அடுத்த சுற்று. சேகரிப்பானோ விரைந்து வருபவன் அல்லன். அதற்கும் காரணம் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் இருப்பது சிறிய கயிறு. பெரிய படம் சி மொழியின் பக்கத்தில் தொங்குகிறது. கூடையின் பாரம் அவனுடைய கணக்கில் முழுமையாக ஏறுவதில்லை. இடையே புதிய சாளரங்கள் திறக்கின்றன, மூடுகின்றன, அனாதைகள் பெருகுகின்றன.

சேகரிப்பானை அடுத்தடுத்துப் பலமுறை கையால் இயக்கியபோது நினைவகம் படிப்படியாகக் குறைந்தது. அங்கேதான் உண்மை அகப்பட்டது. முற்றிலும் இழந்த நினைவகமாயின் எத்தனை முறை இயக்கினாலும் திரும்பாது. திரும்பியது என்றால், கயிறுகள் நழுவவில்லை, இழுப்பவன் தாமதிக்கிறான். எனவே ஒரு பொருள் அழிக்கப்படும்போதெல்லாம் மற்றொரு சுற்றுக்கு ஏற்பாடு செய்யும் திருத்தம் எழுதப்பட்டது. அதனால் நினைவகம் மீண்டது. ஆனால் அடிக்கடி சுற்றுவது செயலிக்குக் கூடுதல் வேலை. நினைவகத்தை மிச்சப்படுத்த நேரத்தைச் செலவிட வேண்டியிருந்தது. கணிப்பொறியியலில் இலவசமாகக் கிடைப்பது ஒன்றுமில்லை என்பதும் இதனால் விளங்கும்.

இந்த வழக்கில் நாம் கற்க வேண்டியது யாது? ‘க்னோம் நினைவகத்தைத் தின்கிறது’ என்று பலர் குறை கூறினர். அந்தக் குறை உண்மையே. ஆயினும் அதனால் மட்டும் எதுவும் திருந்தவில்லை. எந்தச் செயலைச் செய்தால், எவ்வளவு ஏறுகிறது, எதைச் செய்தால் இறங்குகிறது என்று ஒருவர் அளந்து பார்த்தபின்னரே திருத்தம் பிறந்தது. லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளின் நிரல்மூலம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. அதனைப் படிக்கும் உரிமை பேராசிரியருக்கு எவ்வளவு உண்டோ, அவ்வளவு தருவைகுளத்து மாணவிக்கும் உண்டு. நிரலைத் திருத்தும் ஆற்றல் இன்று இல்லாவிட்டாலும், செவ்வையான முறையீடு எழுதும் ஆற்றல் இன்றே உண்டு. நிரலின் பதிப்பு எண், கணிப்பொறியின் நினைவக அளவு, செய்த செயல்கள் வரிசையாக, ஒவ்வொரு பத்து முறைக்கும் குறித்த அளவுகள், துணைநிரல்களை நிறுத்தியபோது கண்டது ஆகிய ஐந்தும் இருந்தால், உலகின் எந்த மூலையிலுள்ள நிரலாளரும் அந்த முறையீட்டை மதித்துப் படிப்பார். மேலும், பழைய கணிப்பொறியில் கசிவு விரைவில் வெளிப்படுகிறது என்று சொன்னேன் அல்லவா? ஆகவே இத்தகைய அளவீட்டுக்குப் பழைய கணிப்பொறி குறையன்று, கருவியே ஆகும்.

கணிப்பொறியை அணைத்து மீண்டும் இயக்குவது தவறா என்று கேட்பீர்கள். தவறன்று; நடுக்கடலில் நீரை இறைத்துத்தான் ஆகவேண்டும். நாளைத் தேர்வு என்றால் இன்று இறைத்துவிட்டுப் படியுங்கள். ஆனால் இறைப்பதைக் கலப்பத்து என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு நாளும் இறைத்துக்கொண்டே இருப்பவனுக்குத் தோணியின் எந்தப் பலகை விட்டிருக்கிறது என்பது ஒருநாளும் தெரியாது. கரை சேர்ந்ததும் தோணியைக் கவிழ்த்து, பலகை பலகையாகத் தட்டிப் பார்ப்பவனே அதனை அறிவான்.

நிரல் எழுதப்போகும் மாணவர்களுக்கு ஒரு சொல். இடம் வாங்கும் வரியை எழுதும்போதே, அதனைத் திருப்பித் தரப்போவது யார் என்பதையும் முடிவு செய்யுங்கள். வழியில் பிழை நேர்ந்து நிரல் பாதியில் திரும்பினாலும், அந்த வழியிலும் கடன் தீர்க்கப்படுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கசிவுகள் நேர்வழியில் இருப்பதில்லை, பிழைவழியில்தான் ஒளிந்திருக்கின்றன. ஒரு பொருளுக்கு ஒருவரே உடையவர் என்ற ஒழுங்கு இருந்தால், மறதிக்கு இடம் குறையும். இருவருக்குப் பொதுவான கயிற்றை, மற்றவர் இழுப்பார் என்று இருவருமே விட்டுவிடுவது மனித இயல்பு. நிரல்களின் இயல்பும் அதுவே, ஏனெனில் அவற்றை எழுதுகிறவர்கள் மனிதர்கள்.

லண்டனில் ஓர் இரவு வண்டிகளை அனுப்பும் கணிப்பொறி முறையை நிறுத்தியது, ஒவ்வொரு முறையும் திரும்பாமல் நின்ற சிறிதளவு நினைவகம். அதனைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. ஒரு தாள், ஓர் எழுதுகோல், ஒரே வேலையைப் பத்துமுறை செய்யும் பொறுமை ஆகிய இவை போதும். எண் ஏறுகிறதா, நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் விட்டுவிடுங்கள், ஏறினால் விடாதீர்கள்.